புதுப் பையனுக்கு லாஜிக் வரவில்லை என்றால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்யும் ஆறு பேர் குழுவை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். அதில் ஒரு பையன் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. நேரத்துக்கு வருகிறான், சொன்னதைச் செய்கிறான், கல்லூரியில் நல்ல மதிப்பெண். ஆனால் பழக்கமில்லாத ஒரு பிழை வந்துவிட்டால் கை நின்றுவிடுகிறது. இல்லையென்றால் இங்கே ஒன்றை மாற்றி, அங்கே ஒன்றை மாற்றி, எப்படியோ ஓடினால் சரி என்று விட்டுவிடுகிறான். ஏன் ஓடியது என்று கேட்டால் பதில் இல்லை. மூன்று மாதமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் ஆப்டிட்யூட் புத்தகத்திலிருந்து புதிர்க்கணக்கு போடவைத்தும் மாற்றம் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார். ‘தர்க்கமாக யோசிப்பது சொல்லிக்கொடுத்து வருமா, பிறவியிலேயே இருக்க வேண்டுமா?’ என்பது நீங்கள் எழுதியது. இவனை அனுப்பிவிட்டால் அது நியாயமாக இருக்குமா என்ற உறுத்தலும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மென்பொருள் ஆள் இல்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் 27 வருடம் ஆகிறது. கடைசி 12 வருடமாக ஐடிஐ, டிப்ளமோ முடித்து வருகிற பிள்ளைகளைப் பழக்கி எடுப்பது என் பொறுப்பு. புரோகிராம் எழுதுவதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். கோளாறு எங்கே என்று தேடுவதைப் பற்றிச் சொல்ல முடியும். டவர் உச்சியில் தேடினாலும் கம்ப்யூட்டருக்குள் தேடினாலும் அந்த வேலையின் நடை ஒன்றுதான் என்று நம்புகிறேன். எங்காவது உங்கள் தொழிலுக்குப் பொருந்தவில்லை என்றால் அந்த இடத்தில் உங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: சொல்லிக்கொடுத்தால் வரும். ஆனால் நீங்கள் கொடுத்த மருந்தில் வராது. புதிர்ப் புத்தகத்தை இன்றைக்கே நிறுத்திவிடலாம். வேலைக்கு ஆள் எடுப்பதே ஆப்டிட்யூட் தேர்வு வைத்துத்தான் என்பதால், அதையே மருந்தாகவும் நினைத்துக்கொள்வது இயல்பு. 2010இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தார்கள். எந்தப் பயிற்சியைச் செய்தார்களோ அதில் தேறினார்கள். அதோடு ஒட்டிய வேறு சோதனைகளில்கூட அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. இந்த அளவுக்கு நான் உறுதியாகச் சொல்வேன்: புதிர் போட்டால் புதிர் போட வரும்.

ஏன் அப்படி என்று கேட்டால், பயிற்சிப் பொறுப்புக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். 1966இல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் எழுதியது. மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும்’ என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் 7ஐயும். பெரும்பாலானவர்கள் உயிரெழுத்தையும் 4ஐயும் சொல்வார்கள், அல்லது உயிரெழுத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். பல்கலைக்கழக மாணவர்களிலேயே பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னால் அதிகம். 1982இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ரிச்சர்ட் கிரிக்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் என்ற இருவர் இதே கணக்குக்கு வேறு சட்டை மாட்டினார்கள். நீ போலீஸ்காரன், பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், அட்டைகளில் பீர், கோக், 22 வயது, 16 வயது. யாரைச் சோதிப்பாய்? ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பீரையும் 16ஐயும் சரியாக எடுத்தார்கள்.

கணக்கு அதே கணக்கு. வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தபோது திணறிய மூளை, தெரிந்த உலகத்தில் வைத்ததும் சரியாக நடக்கிறது. இந்த மாற்றம் ஏன் வருகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதற்குள் நான் போகவில்லை. வேலையிடத்தில் நான் பார்த்தது இதோடு ஒத்துப்போகிறது. ‘இவனுக்கு லாஜிக் இல்லை’ என்று நாம் தள்ளிவைக்கிற பையனுக்குப் பல சமயம் இல்லாமல் இருப்பது லாஜிக் இல்லை, அந்தப் பொருள் உள்ளே எப்படி ஓடுகிறது என்ற படம்.

இதை உங்கள் பையனிடமே பார்த்துவிடலாம். நாளைக்கு டீ குடிக்கும்போது, பரீட்சை மாதிரி இல்லாமல், ‘வீட்டில் கிணற்று மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவில்லை, என்ன பார்ப்பாய்?’ என்று கேளுங்கள். கரண்ட் இருக்கிறதா, வோல்டேஜ் குறைவா, மோட்டார் சத்தம் வருகிறதா, சத்தம் வந்தும் ஏறவில்லை என்றால் ஃபுட்வால்வில் கசிவா, கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டதா என்று ஒன்றன்பின் ஒன்றாக அவன் சொல்லிக்கொண்டு போனால், நீங்கள் தேடிக்கொண்டிருந்த தர்க்கம் அதுதான். அவனிடம் அது இருக்கிறது. உங்கள் மென்பொருளில் அது நடமாடுவதற்குத் தரை இல்லை, அவ்வளவுதான். மோட்டாரிலும் திணறினால் வேறு பழக்கமான விஷயத்தில் கேட்டுப் பாருங்கள்: கிரிக்கெட், பஸ் ரூட், சமையல், எதுவானாலும். எதிலும் வரவில்லை என்றால்தான் நாம் பேசுவது வேறு விஷயம்.

எனக்கு இது புரியவந்த ஒரு நாளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு வரும் காலம். வருடத்து மின்சாரத்தில் பெரும்பங்கு இந்த நாலைந்து மாதத்தில்தான் கிடைக்கும். மெஷின் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம். எட்டு மாதம் முன்னால் சேர்ந்த ஒரு பையன், தக்கலைப் பக்கத்துக்காரன், நல்ல உழைப்பாளி. கியர் எண்ணெய் வெப்பம் அதிகம் என்று காட்டி ஒரு மெஷின் நின்றுவிட்டது. காலையிலேயே மேலே ஏறி வெப்பம் அளக்கும் சென்சாரை மாற்றினான். சரியாகவில்லை. இறங்கி வந்து கீழே பேனலில் கார்டை மாற்றினான். அதற்கும் சரியாகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எண்ணெயையே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றான். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அப்படி நனைந்திருந்தான்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, லாக் ஷீட்டின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘நினைப்பது’.

‘சொல்லு மக்கா.’

‘சென்சார் போச்சுண்ணே. புதுசும் கம்ப்ளைன்ட்டா இருக்கும்.’

‘பாத்தியா, நினைச்சியா?’

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ‘நினைச்சேன்.’

‘சரி, அத வலது பக்கம் எழுது. பாத்தது என்ன?’

‘டிஸ்பிளேல 84 டிகிரி.’

‘இப்பவும் 84ஆ?’

எட்டிப் பார்த்தான். ‘இப்ப 79... இல்ல, 86. மாறிட்டே இருக்கு.’

‘மெஷின் நின்னு எவ்வளவு நேரம்?’

‘மூணு மணி நேரம் ஆச்சு.’

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பென்சிலைப் பிடித்தபடி தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தானாகச் சொன்னான்: ‘அடுக்களைல உலை வச்சா தண்ணி இப்படிக் குதிச்சுக் குதிச்சு ஏறி எறங்காதேண்ணே. அடுப்ப அணைச்சா பைய ஆறும். இது எண்ணெய்ச் சூடு இல்ல. காட்டுறது பொய்.’

அந்த சென்சாரின் வேலை எளிமையானது. பூஜ்யம் டிகிரியில் 100 ஓம் மின்தடை இருக்கும். வெப்பம் ஏற ஏற டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம் கூடும்; 100 டிகிரியில் 138.5 ஓம். பேனல் ஓமை அளந்து டிகிரியாகக் காட்டும். வழியில் ஓர் இணைப்பு தளர்ந்தால் அங்கே உண்டாகும் தடையையும் சேர்த்து அளந்து, வெப்பம் ஏறிவிட்டதாகப் பேனல் நினைத்துக்கொள்ளும். இதெல்லாம் அவனுக்கு நாங்கள் வகுப்பில் சொன்னதுதான், தேர்வில் சரியாக எழுதியும் இருந்தான். ஆனால் உலைத்தண்ணீர் நினைவுக்கு வந்த பிறகுதான் அந்தப் பாடம் அவன் கைக்கு வந்தது. பொய் எங்கிருந்து வரும் என்று கேட்டதும் மேலே சென்சார், நடுவே வயர், கீழே கார்டு என்று மூன்று இடத்தை எழுதினான். ஏணி ஏறாமல் எதைத் தீர்த்துக்கட்டலாம் என்று கேட்டேன். பேனலில் வயரைக் கழற்றிவிட்டு, மதிப்பு தெரிந்த 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினான். டிஸ்பிளே பூஜ்யம் காட்டியது. பேனல் உண்மை சொல்கிறது. கழற்றிய வயரில் மீட்டர் வைத்தான்: 132 ஓம், நிலையில்லாமல் துள்ளிக்கொண்டிருந்தது. ‘இப்போது மேலே போய் சென்சாரிலேயே நேராக அளந்தால் எவ்வளவு இருக்கும்?’ என்று கேட்டேன். யோசித்து, ‘எண்ணெய் ஆறியிருக்கும், 115லேர்ந்து 120க்குள்ள’ என்றான். இருவரும் ஏறினோம். 117 ஓம், அசையாமல் நின்றது. அதாவது சுமார் 44 டிகிரி. நடுவில் 15 ஓம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் ஒரு திருகு தளர்ந்து, செம்பு இழை பச்சை பிடித்துக் கிடந்தது. சுத்தம் செய்து முறுக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

அந்தப் பையனுக்கு நான் விடை சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதைவிட முக்கியமானது, ஏறுவதற்கு முன் அவன் ஓர் எண்ணைச் சொன்னான் என்பது. முதலில் சென்சாரையும் கார்டையும் மாற்றியபோது அவனுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. சரியானால் சரி, இல்லையென்றால் அடுத்தது. எதிர்பார்ப்பு இல்லாதவனுக்கு எந்த விடை வந்தாலும் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. அன்று முதல் என்னிடம் பழகுகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன்: எதைத் தொடுவதற்கு முன்னும் ‘இதைச் செய்தால் இது நடக்கும் என்று நினைக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அல்லது எழுத வேண்டும். தவறாக இருந்தால் ஒரு குறையும் இல்லை. சொல்லாமல் தொடக் கூடாது. உங்கள் பையன் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றுகிற பழக்கம் இந்த ஒரு கட்டாயத்திலேயே பாதி அடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும் இதோடு தானாக வந்துவிடும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நடக்கும் என்று சொல்ல அவனுக்கே நாக்கு தடுமாறும்.

அடுக்களை என்று அவன் சொன்னது வெகுநாள் மனதில் இருந்தது. மணிமேகலையின் 29ஆம் காதையில் தர்க்கம் சொல்கிற இடம் ஒன்று உண்டு. ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது நிறுவ வேண்டிய கூற்று; அதற்குப் ‘பக்கம்’ என்று பெயர். ‘புகை இருப்பதால்’ என்பது ‘ஏது’, அதாவது காரணம். அதற்குப் பிறகு ‘அடுக்களையைப் போல’ என்று எடுத்துக்காட்டு வரும். கற்பவனுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒட்டவைத்த அலங்காரம் இல்லை அது. வாதத்தின் உறுப்புகளில் ஒன்றாகவே எடுத்துக்காட்டை எண்ணியிருக்கிறார்கள். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த ஓர் இடம் இருந்தால்தான் மலையைப் பற்றி வாய் திறக்க முடியும். நம் மாவட்டத்தில் இன்றைக்கும் சமையலறைக்கு அடுக்களை என்றுதானே சொல்கிறோம். அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தக்கலைப் பையன் முகம்தான் வந்தது. உங்கள் வேலையில் அவனுக்கு அடுக்களை எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடை பில் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு பொருள் உள்ள பில்லைக் காகிதத்தில் கையால் போடவைத்து, தள்ளுபடி முதலில் கழிகிறதா வரி முதலில் சேர்கிறதா என்று அவனே கூட்டிப் பார்க்கட்டும். வடசேரிச் சந்தையில் ஒரு மளிகைக் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பில் போட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் எந்த இடத்தில் எரிச்சல்படுகிறார் என்று பார்த்தவனுக்கு, உங்கள் மென்பொருளின் ஒவ்வொரு ‘இப்படி என்றால் அப்படி’யும் ஒரு மனிதர் முகத்தோடு நினைவில் நிற்கும்.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனித மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய புதுச் செய்திகள் மிகக் குறைவு. நான்கு அளவில்தான் என்பது நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் முன்வைத்த கணக்கு. அனுபவம் உள்ள நமக்குப் பத்துச் செய்தி சேர்ந்து ஒரு கட்டாகத் தெரியும். புதியவனுக்குப் பத்தும் பத்தாகவே தெரியும். ஐந்தாவதைப் பிடிக்கும்போது முதலாவது நழுவிவிடும். நழுவியதைப் பார்த்து நாம் லாஜிக் இல்லை என்கிறோம். எழுதிவைத்தால் நழுவாது. எனவே தலைக்குள் போட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள், நோட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. இதை நம் பக்கத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். எங்கள் மெஷின் கையேட்டில் ஒரு வரி: எண்ணெய் வெப்பம் 60 டிகிரிக்குக் கீழே வந்தாலொழிய ரீசெட் செய்யக் கூடாது. ஆங்கிலத்தில் அது ‘அன்லெஸ்’ போட்ட வாக்கியம். இரண்டு பேர் அதை நேர் எதிராகப் புரிந்துகொண்டார்கள்: 60க்குக் கீழே வந்தால் ரீசெட் செய்யக் கூடாது. அதே வரியைத் தமிழில் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரியாகச் சொன்னார்கள். உங்கள் குழுவில் வாடிக்கையாளர் தேவை ஆங்கிலத்தில் வரும், கூட்டத்தில் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்வீர்கள். அந்தப் பையன் யோசிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் ஒன்றாகச் செய்துகொண்டிருக்கலாம். இரண்டு வாரம் எல்லாவற்றையும் அவன் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே விளக்கச் சொல்லிப் பாருங்கள். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்துப் பையன் என்றால் மலையாளம் கலந்து வரும், வரட்டும். யோசனை நேராக ஓடக் கற்ற பிறகு ஆங்கிலத்தில் சொல்வது தனிப் பயிற்சி.

அப்புறம் பயம். இதில் நான் செய்த தவறையே சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் நான் சத்தம் போடுகிற ஆள். தெரியாது என்று சொன்னால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று நாலு பேர் முன்னால் கேட்பேன். ஒரு நாள் ஒரு பையனிடம் ‘சப்ளை ஆஃப் ஆகியிருக்கா, மீட்டர் வச்சுப் பாத்தியா?’ என்றேன். ‘பாத்துட்டேன் சார்’ என்றான். பார்க்கவில்லை. நான் பேனலில் கை வைக்கும் முன் பழக்க தோஷத்தில் மறுபடி அளந்ததால் தப்பித்தேன்; 415 வோல்ட் உயிரோடு இருந்தது. அவனை ஏசத்தான் முதலில் வாய் வந்தது. அவன் பொய் சொல்லும்படி பழக்கியவன் நான்தான் என்று விளங்க அன்று இரவு ஆயிற்று. பயந்தவன் தன் முன்னால் இருக்கிற பொருளைப் பார்த்து யோசிக்க மாட்டான். உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று யோசிப்பான். அதுவும் ஒருவகைத் தர்க்கம்தான், வேலைக்கு உதவாத தர்க்கம். அதற்குப் பிறகு என் இடத்தில் ‘தெரியவில்லை’ என்ற சொல்லுக்கு ஏச்சு கிடையாது. ‘பார்த்தேன்’ என்று பார்க்காமல் சொல்வது மட்டும்தான் குற்றம். பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரி வரை விடை சொன்னவனுக்கு மதிப்பெண், ‘உறுதியாகத் தெரியாது, இப்படி இருக்கலாம்’ என்றவனுக்குப் பூஜ்யம் என்றே நாம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் ஒரு மாதத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்தச் சம்பவத்திலிருந்தே என் முதல் நாள் பாடம் பிறந்தது. மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது, மின்சாரம் இல்லையா? இல்லாமல் இருக்கலாம். மீட்டர் கெட்டிருக்கலாம், அதன் வயர் அறுந்திருக்கலாம், ரேஞ்ச் தவறாக வைத்திருக்கலாம். அதனால் மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் மீட்டரை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யப்போகிற இடத்தில், அதன்பின் மறுபடியும் தெரிந்த இடத்தில். மின்பணியில் உலகம் முழுக்க உள்ள பாதுகாப்பு வழக்கம் இது. நான் இதை ஒரு கேள்வியாக மாற்றிப் பழக்குகிறேன்: ‘வேறு எந்தக் காரணத்தால் இதே விடை வந்திருக்கும்?’ உங்கள் பையன் ‘சரியாகிவிட்டது’ என்று வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியை அமைதியாகக் கேளுங்கள். அவனைச் சந்தேகப்படுகிற தொனியில் கேட்காதீர்கள். உங்கள் சொந்த வேலைக்கும் அவன் முன்னிலையில் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற மூத்தவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். நாம் முடிவை மட்டும் காட்டுகிறோம். வந்தோம், பார்த்தோம், ‘இந்த வரியை மாத்து’ என்றோம், போய்விட்டோம். நடுவில் நம் தலைக்குள் என்ன ஓடியது, எந்த மூன்று காரணத்தை நினைத்து எந்த இரண்டைத் தள்ளினோம் என்பது அவனுக்குத் தெரிய வழியே இல்லை. மந்திரம் போட்ட மாதிரித்தான் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு உண்மையான பிழையை அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தீர்க்கும்போது வாய்விட்டுப் பேசிக்கொண்டே தீர்த்துப் பாருங்கள். தவறான பாதையில் போய்த் திரும்புவதையும் மறைக்க வேண்டாம். இதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. 1985இல் ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் இருவரும் இயற்கணிதத்தில் காட்டினார்கள்: புதிய மாணவர்களைத் தாமாகவே முட்டிமோதித் தீர்க்க விடுவதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிக்கவைத்தபோது பாடம் விரைவாக ஏறியது. ஆள் தேறிவந்த பிறகு இந்த உதவியே சுமையாகிவிடும் என்பதும் பிற்பாடு தெரியவந்தது. ஆக முதலில் முழுதாகக் காட்டுங்கள், அப்புறம் கடைசிப் படியை மட்டும் அவனுக்கு விடுங்கள், பிறகு கடைசி இரண்டு படி. ‘நீயே யோசி, அப்போதுதான் வரும்’ என்று முதல் நாளே தண்ணீரில் தள்ளிவிடுவது நம்மிடம் பரவலாக உள்ள வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது.

இனி எனக்குச் சந்தேகமாக உள்ளவை. காற்றாலையில் தேறிய தர்க்கம் வேறு தொழிலுக்குப் போனாலும் கூட வருமா? கொஞ்சம் வரும் என்று நான் நினைக்கிறேன், முக்கியமாக ‘பார்த்ததா, நினைத்ததா’ என்று பிரிக்கிற பழக்கம். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. எவ்வளவு நாள் ஆகும்? என் அனுபவத்தில் ஒரு சீசன், அதாவது நாலைந்து மாதம் கூடவே இருந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். இவ்வளவும் செய்தும் வராதவர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் விஷயத்தில் நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்: குலசேகரம் பக்கத்தில் வீடு, அப்பாவுக்கு முடியாமல் போனதால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ரப்பர் வெட்டிவிட்டு, மரத்துப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தான். அவனிடம் நான் பார்த்த மந்தம் தூக்கம். கேட்டிருந்தால் முதல் மாதமே சொல்லியிருப்பான், கேட்கத் தோன்றவில்லை. எனவே உங்கள் பையனின் வீட்டு நிலைமையையும் மெதுவாக விசாரித்துவிடுங்கள். கற்றல் குறைபாடு, மனச்சோர்வு போன்றவை இருக்குமோ என்று தோன்றினால் அதை எடைபோடும் வேலை உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

உரிமையாளர் கேட்ட முடிவுக்கு வருவோம். இரண்டு மாதம் குறைவு. நாலு மாதம் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் இரண்டிலேயே செய்யுங்கள். பிழைகள் குறைந்தனவா என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் காலத்துக்குள் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் பேசிப் பேசிச் செய்யும்போது முதலில் வேலை மெதுவாகத்தான் போகும். அந்த நோட்டைப் பாருங்கள். முதல் வாரத்தில் ‘நினைப்பது’ பக்கம் நிரம்பி, ‘பார்த்தது’ பக்கம் காலியாக இருக்கும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் ‘பார்த்தது’ பக்கம் வளர்ந்திருந்தால், செய்வதற்கு முன் எழுதிய எதிர்பார்ப்பு தவறும்போது ‘ஏன் தவறியது’ என்று அவனே ஒரு வரி எழுதத் தொடங்கியிருந்தால், அவனை விடாதீர்கள். அவன் வந்துவிடுவான். ஏழு வாரம் கழித்தும் நோட்டு முதல் வாரம் மாதிரியே இருக்கிறது, டீக்கடையில் கேட்ட மோட்டார் கேள்வியும் ஓடவில்லை, வீட்டிலும் சிக்கல் இல்லை என்றால், படிப்படியாகச் சொன்னதைத் தவறாமல் செய்கிற அவனுடைய குணத்துக்கு உங்கள் நிறுவனத்திலேயே வேறு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளுக்குப் போய் மென்பொருளை நிறுவிக் கொடுப்பது, பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. அதுவும் இல்லை என்றால் அனுப்பத்தான் வேண்டும். அப்போது அந்த நோட்டை எடுத்துவைத்து, அவனோடு சேர்ந்து படித்து, எந்தப் பக்கத்தில் எது நின்றது என்று காட்டிப் பேசுங்கள். உரிமையாளரிடம் போகும்போதும் அதே நோட்டோடு போங்கள்.